மதகுப் பலகையில் மாட்டிய விரல்

எழுபத்து நான்கோ ஐந்தோ, வருடம் சரியாக நினைவில்லை. தை பிறந்து பத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது என்பது மட்டும் நிச்சயம். மரக்காணம் உப்பளங்களில் மழைத் தண்ணீரை வடித்துவிட்டு, பாத்தி மிதித்து, புது உப்புக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். நான் மர வேலை செய்கிறவன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. தொழில் ஓரளவு தெரியும். தெரியும் என்கிற நினைப்பு அதைவிட ரொம்ப அதிகம்.

ஓர் உப்பளத்துக்கு மதகுப் பலகைகள் செய்துதரும் வேலை எனக்கு வந்திருந்தது. உப்பங்கழியிலிருந்து உப்புத் தண்ணீர் வாய்க்கால் வழியாக அளத்துக்குள் நுழைகிற இடத்தில் மதகு இருக்கும். இரண்டு பக்கமும் கருங்கல்லில் காடி வெட்டி, அதில் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்குவார்கள். முன்னால் ஒரு வரிசை, ஒரு சாண் இடைவெளி விட்டுப் பின்னால் இன்னொரு வரிசை. நடுவில் களிமண்ணைப் போட்டு மிதித்துவிட்டால் ஒரு சொட்டுத் தண்ணீர் ஒழுகாது. ஒவ்வொரு பலகையிலும் மேல் விளிம்புக்கு நாலு விரற்கடை கீழே இரண்டு துளைகள் போட வேண்டும். அதில் கயிறு கோத்துத்தான் பலகையைத் தூக்குவதும் இறக்குவதும். இரும்பு வளையம் மாட்டலாமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எங்கள் ஊர் உப்புக்கு இரும்பு ஒரு வருடம் தாங்காது.

துளை போடுவதற்கு அதுவரை என்னிடம் இருந்தது கயிற்றுத் துரப்பணம். ஒரு முழ நீளத்துக்குக் கடைந்த கட்டை, அதன் நுனியில் இரும்பு முனை. கட்டையின் மறு நுனி ஒரு கொட்டாங்கச்சிக்குள் உட்கார்ந்து சுழலும். ஒருவர் கொட்டாங்கச்சியை அழுத்திப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் கட்டையில் இரண்டு சுற்றுச் சுற்றிய கயிற்றைத் தயிர் கடைவது போல மாற்றி மாற்றி இழுக்க வேண்டும். ஆக, தனி ஆளாக ஒரு துளைகூடப் போட முடியாது. எங்கள் வீட்டில் கயிறு இழுப்பவள் என் மனைவி. இழுத்துக்கொண்டே அவ்வப்போது குனிந்து பலகையின் பின்பக்கத்தைப் பார்ப்பாள். முனை ஊசி போல எட்டிப் பார்த்ததும், "முனை வந்துடுச்சு, நிறுத்து" என்பாள். உடனே பலகையைத் திருப்பிப் போட்டு அந்தப் பக்கத்திலிருந்து மிச்சத்தைத் துளைப்போம். அப்படிச் செய்யாமல் ஒரே பக்கமாகத் துளைத்தால், முனை வெளியேறும்போது பின்பக்கத்து மரத்தைப் பிய்த்துக்கொண்டு போகும். துளையைச் சுற்றிச் சிராய் சிராயாக நிற்கும்.

அந்த வருடம்தான் நான் பாண்டியில் ஒரு பழைய சாமான் கடையில் பிரேஸ் ஒன்று வாங்கியிருந்தேன். வளைந்த கைப்பிடியைச் சுற்றினால் போதும், முனையில் இருக்கும் திருகு தன்னால் மரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போகும். இழுப்பதற்கு ஆள் வேண்டாம். அதைப் பார்த்து என் மனைவி, "அப்ப எனக்கு ரிலீசா?" என்று கேட்டாள். நானும் பெரிய மனசு பண்ணி, ஆமாம் என்றேன்.

அந்தச் சமயத்தில் கூனிமேட்டில் ஒரு பாய் வீட்டில் நிக்கா தேதிக்குள் கதவுகளை மாட்டித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். மனசெல்லாம் அங்கேதான். மதகுப் பலகைகள் எட்டு, துளைகள் பதினாறு. ஒரே சாயங்காலத்தில் பிரேஸை வைத்துப் பதினாறையும் போட்டு முடித்தேன். எல்லாம் ஒரே பக்கமாக. பின்பக்கத்தில் நின்று சொல்ல ஆள் இல்லை, எனக்கும் பலகையைத் திருப்பிப் போடப் பொறுமை இல்லை. முடித்த பிறகு திருப்பிப் பார்த்தேன். பதினாறு துளைகளும் பின்பக்கம் பல் முளைத்த மாதிரி இருந்தன. காலையில் அரத்தால் தேய்த்துவிடலாம் என்று நினைத்தேன். காலையில் விடிந்ததும் மாட்டுவண்டி வந்து நின்றது. கயிறு போகிற துளைதானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஏற்றி அனுப்பிவிட்டேன். தெரியாமல் நடந்ததல்ல இது. தெரிந்தே செய்தேன்.

புதுப் பலகையை இரண்டு நாள் கழித் தண்ணீரில் ஊறப்போட்டுத்தான் காடியில் இறக்குவார்கள். மூன்றாம் நாள் காலை விளிம்பைச் செதுக்கிப் பொருத்த நானும் போயிருந்தேன். பின் வரிசை நாலும் இறங்கிவிட்டன. முன் வரிசையில் மூன்று இறங்கிவிட்டன. கடைசிப் பலகையை இரண்டு பெண்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் காடியில் வைத்தார்கள். கயிறு இன்னும் கோக்கவில்லை. கயிறு இல்லாதபோது துளைக்குள் ஒரு விரலை விட்டு மாட்டிப் பிடித்துக்கொண்டு இறக்குவது அங்கே எல்லாரும் செய்வதுதான். ஊறிய பலகை முதலில் மக்கர் பண்ணியது. பிறகு சட்டென்று வழுக்கிக்கொண்டு கீழே போய் இறுகி உட்கார்ந்தது. இந்தப் பக்கம் பிடித்திருந்த பெண் "ஐயோ" என்றாள். சத்தம்கூடப் பெரிதாக இல்லை.

வலது கை ஆள்காட்டி விரல் இரண்டாம் கணு வரை துளைக்குள் போய்விட்டது. வெளியே இழுக்க வரவில்லை. அவளுக்கு என்னைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும். உப்பு வாருவதில் அந்த அளத்திலேயே அவள் கைதான் வேகம் என்று சொல்வார்கள். வாருபலகையின் நீளக் காம்பைப் பிடித்து இழுக்கிற கை அது. அந்த விரல் போனால் அதோடு அந்த வேலையும் போனதுதான்.

அளத்து மேஸ்திரி ஓடி வந்தார். ஒருவர் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து ஊற்றினார். விரல் ஒரு நூல் அசைந்தாலும் அவள் முகம் வெளுத்தது. மேஸ்திரி, "பல்லக் கடிச்சிக்கிட்டு ஒரே இழுப்பா இழும்மா, வந்துடும்" என்றார். நான் பலகையின் மேலாகக் குனிந்து, இரண்டு வரிசைக்கும் நடுவில் இருந்த ஒரு சாண் இடைவெளிக்குள் கையை விட்டுத் துழாவினேன். அவள் விரல் நுனி பின்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி என் சிராய்கள். இரண்டு மூன்று அவள் சதைக்குள் இறங்கியிருப்பதை என் விரல் நுனியிலேயே உணர்ந்தேன். உள்ளே போகிற மீன் திரும்பி வர முடியாதபடி மூங்கில் குச்சிகளை உட்பக்கமாகச் சாய்த்துக் கட்டிய மீன்கூடு இருக்கிறதே, அப்படித்தான் ஆகியிருந்தது அந்தத் துளை. உள்ளே போகும்போது வளைந்து வழிவிட்டவை, வெளியே இழுக்கும்போது குத்தின.

"இழுக்காதீங்க. யாரும் இழுக்காதீங்க" என்றேன். ஏன் என்று மேஸ்திரி கேட்டார். "மரம் ஊறி இறுகிடுச்சு" என்று சொன்னேன். அதுவும் உண்மைதான். ஆனால் முழு உண்மை இல்லை.

அந்த இடுக்கில் கத்தியை விட்டுச் சிராயை வெட்டலாமா என்று பார்த்தேன். கை போனால் கத்தியைத் திருப்ப இடமில்லை, கண்ணுக்கும் எதுவும் தெரியவில்லை. களிமண் இன்னும் போடவில்லை என்பது ஒன்றுதான் நல்ல காலம். பலகையை மேலே தூக்கலாமென்றால், அதை அசைக்கிற ஒவ்வோர் அசைவும் அவள் விரலில்தான் விழும். ரம்பத்தை எடுத்து விளிம்பில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தேன். பலகை முழுக்க அதிர்ந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. பிரேஸ் பையில்தான் இருந்தது. அதன் திருகு மரத்தைக் கவ்விவிட்டால் நம் பேச்சைக் கேட்காது, தன் போக்கில் இழுத்துக்கொண்டு போகும். விரலுக்கு அரை விரற்கடை பக்கத்தில் அதை வைக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

உளியால் கொத்த முடியாது, ரம்பத்தால் அறுக்க முடியாது. மரத்தை அதிரவைக்காமல், அழுத்துகிற அளவுக்கு மட்டும் இறங்குகிற ஒன்று வேண்டும். அது வீட்டுப் பரணில் கிடந்தது. மேஸ்திரியின் சைக்கிளை வாங்கிக்கொண்டு மிதித்தேன். பரணிலிருந்து துரப்பணத்தை இறக்கும்போது என் மனைவி, "இன்னாத்துக்கு இப்ப இது? புதுசு ரிப்பேரா?" என்று கேட்டாள். இருப்பதிலேயே மெல்லிய முனையை மாட்டிக்கொண்டு திரும்பினேன்.

திரும்பி வந்தபோது கழியில் தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது. நான் போகும்போது அவள் முழங்கால் வரை இருந்தது, இப்போது தொடை வரை வந்துவிட்டது. துளை இருந்தது அவள் இடுப்பு உயரத்தில். தண்ணீர் அங்கே வந்துவிட்டால் எதையும் பார்த்துச் செய்ய முடியாது. விரல் வீங்கிக் கருநீலமாகியிருந்தது. அவள் மட்டும் பதற்றம் இல்லாமல், நெற்றியைப் பலகையில் சாய்த்துக்கொண்டு நின்றாள்.

என் திட்டம் சின்னதுதான். துளையின் இரண்டு பக்கமும், மேல் விளிம்பிலிருந்து துளையின் மட்டம் வரை, சின்னச் சின்னத் துளைகளை நெருக்கி நெருக்கி இரண்டு வரிசையாகப் போட்டுவிட வேண்டும். பிறகு அந்தத் துண்டை நெம்பினால் தனியாக வந்துவிடும், துளையின் மேல் பாதி திறந்துகொள்ளும். நான் கொட்டாங்கச்சியை அழுத்தினேன், மேஸ்திரியைக் கயிறு இழுக்கச் சொன்னேன். அவர் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற மாதிரி இழுத்தார். முனை ஆடிக்கொண்டு சறுக்கியது. சரி, நான் இழுக்கிறேன், நீங்கள் அழுத்துங்கள் என்றேன். மனிதர் தன் முழு எடையையும் போட்டு அழுத்தினார். அவள் முனகினாள்.

அப்போதுதான் அவள் நிமிர்ந்து, "அத இந்தக் கையில குடு" என்று இடது கையை நீட்டினாள்.

"உனக்கு எதுக்குக்கா?" என்றேன்.

"எங்க வலிக்குதுன்னு எனக்குத்தான தெரியும்? நான் புடிச்சிக்கிறேன், நீ இழு. ம்னா இழு. இருன்னா நிறுத்திடு."

நான் கொட்டாங்கச்சியை அவள் உள்ளங்கையில் வைத்து, துரப்பணத்தை நேராக நிறுத்திக் காட்டினேன். முனை எங்கே வர வேண்டும் என்று கரித் துண்டால் புள்ளி வைத்தேன். தண்ணீரில் மண்டியிட்டுக் கயிற்றை இழுக்கத் தொடங்கினேன். அந்தக் கயிற்றை என் வாழ்நாளில் அன்று வரை நான் இழுத்ததே இல்லை. எப்போதும் அழுத்துகிற பக்கத்திலேயே இருந்தவன் நான். இழுக்கிறவருக்கு முனை மரத்துக்குள் எங்கே இருக்கிறது என்று தெரியாது, அழுத்துகிறவரின் முகத்தைப் பார்த்துத்தான் இழுக்க வேண்டும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு இழுத்தேன். "ம்" என்பாள், இழுப்பேன். "இரு" என்பாள், அப்படியே கல் மாதிரி நிற்பேன். மாவு போல மரத்தூள் தண்ணீரில் உதிர்ந்துகொண்டே இருந்தது.

நாலாவது துளையோ ஐந்தாவதோ போட்டுக்கொண்டிருந்தபோது, மேஸ்திரி கரைமேல் ஏறி யாரிடமோ வண்டி கட்டச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் என்னைப் பார்க்காமலே, எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள்.

"அந்தப் பக்கத்துலேர்ந்து நீ தொளைக்கலதான?"

கயிறு என் கையில் நின்றுவிட்டது. அவள் விரல்தான் அங்கே இருக்கிறது. என் வேலை எப்படிப்பட்டது என்பது அந்த விரலுக்குத் தெரியாமல் இருக்குமா? துளைக்கவில்லை என்று தலையை மட்டும் அசைத்தேன். "ம்" என்றாள். அது அடுத்த இழுப்புக்கான "ம்"-ஆ, என் பதிலுக்கான "ம்"-ஆ என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. இழுத்தேன்.

இரண்டு பக்கமும் சேர்த்துப் பதினொரு துளைகள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். தண்ணீர் துளைக்குக் கீழே ஒரு சாண் தூரத்தில் இருந்தது. மெல்லிய உளியை இடுக்கில் வைத்து, சுத்தியல் எதுவும் இல்லாமல் வெறும் கையால் நெம்பினேன். துண்டு பிட்ட ரொட்டி போல வந்தது. அவள் விரலை மேல்வாட்டமாகத் தூக்கி எடுத்துவிட்டாள். இரண்டு சிராய்கள் அதிலேயே ஒட்டிக்கொண்டு வந்தன. ரத்தம் இப்போதுதான் வந்தது. சுற்றி நின்ற பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள்.

அந்த மரத்துண்டு என் கையில் இருந்தது. மீதிச் சிராய்கள் அதில் அப்படியே நின்றன. வேலை தெரிந்தவன் ஒரு பார்வை பார்த்தால் போதும், யார் தப்பு என்று புரிந்துவிடும். அதை நான் வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டேன். யோசித்துச் செய்யவில்லை, கை தானாகச் செய்தது என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டியதில்லை. நானும் நம்புவதில்லை.

மேஸ்திரி பயம் தெளிந்ததும் கோபப்பட ஆரம்பித்தார். "பொழுது போவலன்னு தொளையில விரல வுடுவியா? இனிமே பொம்பளைங்க ஒருத்தரும் மதகாண்ட வரக் கூடாது" என்றார். அவள் விரலைத் துணியில் சுற்றிக்கொண்டே, "அவசரத்துல வுட்டுட்டேன் மேஸ்திரி" என்றாள். சொல்லிவிட்டு ஒரு தரம் என்னைப் பார்த்தாள். நான் துரப்பணத்தின் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் சுற்றினேன். வண்டி அவளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

விரல் தப்பித்துவிட்டது என்று அன்று மாலையே தெரிந்தது. சிராயை எல்லாம் எடுத்துக் கட்டுப் போட்டிருக்கிறார்கள், நகம் மட்டும் விழுந்து முளைக்கும் என்றார்கள். ஊரில் எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். ஆசாரி மட்டும் இல்லையென்றால் அந்தப் பொம்பளைக்கு விரல் போயிருக்கும் என்று டீக்கடையில் ஒருவர் என் எதிரிலேயே சொன்னார். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். இரண்டு நாள் கதவு வேலைக்கும் போகவில்லை. என் மனைவி உடம்பு சரியில்லையா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் கொஞ்சம் பழம் வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து இடது கையால் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வலி எப்படி இருக்கிறது, சாப்பிட முடிகிறதா என்று நான் சுற்றி வளைத்துப் பேசிக்கொண்டிருந்தேன். அவள் முறத்திலிருந்து தலையை எடுக்காமல் கேட்டாள்.

"அந்தத் துண்டு எங்க?"

"என்கிட்டதான் இருக்குது" என்றேன். பொய் சொல்ல வரவில்லை.

"மடியில சொருவனத பாத்தேன். அப்பவே சொல்லியிருப்பேன் ஆசாரி. நீயா சொல்லுவன்னு வுட்டேன். இன்னிக்கி சொல்லுவ, நாளைக்கி சொல்லுவன்னு பாத்துக்கினு இருக்கறேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அடுத்த பிடி அரிசியை முறத்தில் பரப்பினாள். எனக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை, அழுதேன். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "சரி, போ. இருட்டறதுக்குள்ள போ" என்றாள்.

மறுநாள் காலை வேலைக்கு ஆட்கள் கூடுகிற நேரத்தில் அளத்துக்குப் போனேன். எல்லார் முன்னாலும் அந்தத் துண்டை மேஸ்திரி கையில் கொடுத்து, தப்பு என்னுடையது என்று சொன்னேன். எப்படி என்று விளக்கினேன். மேஸ்திரி துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாய்க்கு வந்தபடி திட்டினார். அதைக் கேட்க எவ்வளவோ நிம்மதியாக இருந்தது. கடைசியில் துண்டை வாய்க்காலில் விட்டெறிந்துவிட்டு, "எட்டுப் பலகையையும் தூக்கு, திருப்பிப் போட்டு ஒழுங்கா பண்ணு" என்றார். மதகுப் பக்கம் பெண்கள் வரக் கூடாது என்று அவர் போட்ட சட்டத்தை அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

எட்டையும் தூக்கினேன். வெட்டுப்பட்டதற்குப் பதில் புதிதாக ஒரு பலகை செய்தேன். அதற்குத் துளை போட்ட அன்று பிரேஸை எடுக்கவில்லை, கயிற்றுத் துரப்பணத்தைத்தான் எடுத்துப் போயிருந்தேன். கயிறு இழுக்க என் மனைவி கூட வந்திருந்தாள். விஷயத்தை அவளிடமும் முந்தின இரவு சொல்லியிருந்தேன். "அதான் என்னை ரிலீஸ் பண்ணியா?" என்று மட்டும் கேட்டாள். முதல் துளை பாதி இறங்கியிருக்கும். அளத்திலிருந்து அந்த அக்கா விரல்கட்டோடு நடந்து வந்தாள். பலகைக்குப் பின்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். என் மனைவி கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தாள்.

"முனை வந்துடுச்சு, நிறுத்து" என்றாள் அக்கா.

இப்போது என் பட்டறையில் கரண்ட் மிஷின் இருக்கிறது. ஒரு துளைக்கு ஒரு கொட்டாவி விடுகிற நேரம்கூட ஆகாது. ஆனாலும் பலகையைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்திலிருந்தும் துளைத்து, என் சொந்த விரலை விட்டுச் சுற்றிப் பார்த்த பிறகுதான் எதையும் வெளியே அனுப்புகிறேன். பட்டறைப் பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஒரே பக்கமாகத் துளை போட்டதற்காக என்னை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். வலிக்கிற விரலை மடியில் வைத்துக்கொண்டு, நானே வந்து சொல்வேன் என்று ஒருத்தி என்னை நம்பிக் காத்திருந்த அந்த மூன்று நாட்களைத்தான் இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.